கொழும்பு வெக்கைக்கு ஓக் படாத வெள்ளை வைன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறவர்கள், சொதிச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் போத்தல் வேர்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள் இவை. சாராயமும் பியரும் பழகிய வீடுகளில் வெள்ளை வைன் இன்னும் புதிதுதான். ஆனால் மரப் பீப்பாவில் வைக்காத, விலை குறைந்த வெள்ளை வைன் எங்கள் வெயிலுக்கும் எங்கள் சமையலுக்கும் பொருந்துவதுபோல வேறு எந்த வைனும் பொருந்துவதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஓக் படாத வைன் என்றால் என்ன?

திராட்சைச் சாறு நொதித்து வைன் ஆவதும், அது போத்தலில் அடைக்கும்வரை காத்துக் கிடப்பதும் துருப்பிடிக்காத உருக்குத் தொட்டியிலோ சீமெந்துத் தொட்டியிலோ நடந்தால் அது ஓக் படாத வைன். ஓக் என்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளரும் ஒரு மரம். அதன் பலகைகளை வளைத்து, உட்பக்கத்தை நெருப்பில் வாட்டிப் பீப்பா செய்கிறார்கள். அந்தப் பீப்பாவில் கிடக்கும் வைனுக்கு வனிலா, கராம்பு, தேங்காய், சுட்ட பாண் போன்ற வாசங்கள் ஏறும். உருக்குத் தொட்டி எந்த வாசத்தையும் ஏற்றாது. பழத்தில் இருந்ததுதான் கிளாஸுக்கு வரும்.

சாராயத்தை வைத்துச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு உடனே விளங்கிவிடும். தென்னஞ்சாராயத்தை ஹல்மில்ல மரத் தொட்டிகளில் வைத்துத்தான் பழையதாக்குகிறார்கள். ஆங்கிலேயர் திருகோணமலை மரம் என்று பெயர் வைத்தது இந்த மரத்துக்குத்தான். பழைய சாராயத்தின் வழவழப்பில் அந்த மரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. காலையில் இறக்கிய கள் இதற்கு நேர் எதிர். அதற்கு மரமும் இல்லை, வயதும் இல்லை. புதிதாக இருப்பதுதான் அதன் அழகு, அது போனால் கள்ளில் ஒன்றும் மிஞ்சாது. ஓக் படாத வெள்ளை வைன் கள்ளின் கட்சி.

விலை குறைந்தது என்றால் தரமும் குறைந்ததுதானே?

இந்த வகையில் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமான ஓக் பீப்பா 225 லீற்றர் பிடிக்கும். 750 மில்லிலீற்றர் போத்தலில் ஊற்றினால் சரியாக 300 போத்தல். நல்ல புதிய பிரெஞ்சுப் பீப்பா ஒன்று ஆயிரம் யூரோவை ஒட்டிப் போகிறது. அப்படியென்றால் பழமும் கூலியும் சேராமல், பீப்பாவுக்கு மட்டும் போத்தலுக்கு மூன்று யூரோவுக்கு மேல். சில வருடங்களில் அந்தப் பீப்பாவின் வாசமும் தீர்ந்துவிடும், பிறகு புதிதாக வாங்க வேண்டும்.

விலை குறைந்த வைன் செய்பவருக்கு இது கட்டாது. ஆனாலும் ஓக் வாசம் வேண்டும் என்று நினைப்பவர்கள் மரச் சீவல்களைத் தொட்டிக்குள் போட்டு ஊறவைக்கிறார்கள். அதில் வாசம் மட்டும்தான் ஏறும். பீப்பாவின் பலகைகளுக்கு ஊடாக மெல்ல மெல்லக் காற்றுப் பட்டு வைன் பதமாகும் வேலை அதில் நடக்காது. நான் குடித்துப் பார்த்த மலிவான ஓக் வைன்களில் பல, கேக்குக்கு விடும் வனிலா எசன்ஸைக் கலந்ததுபோல இருந்தன. உருக்குத் தொட்டியை ஒருமுறை வாங்கினால் பல காலம் உழைக்கும். அங்கே மிச்சமாகும் பணம் பழத்துக்கும் குளிரூட்டலுக்கும் போகிறது. ஆகவே கையில் உள்ள பணம் கொஞ்சம் என்றால், அதற்கு ஆக நல்ல சரக்கு கிடைப்பது ஓக் படாத வெள்ளையில்தான்.

சரி, கொழும்பில் எது மலிவு? இங்கே வரிகளும் கப்பல் கூலியும் சேர்ந்து, ஐரோப்பாவில் சாதாரண வீட்டுச் சாப்பாட்டுக்குத் திறக்கும் போத்தலைக்கூட யோசித்து வாங்கும் பொருளாக்கிவிடுகின்றன. அதனால் நாங்கள் தினமும் திறப்பதில்லை. நல்ல மீன் கிடைத்த ஞாயிற்றுக்கிழமையில் நாலு பேர் ஒரு போத்தலைப் பகிர்ந்துகொள்வோம். அலமாரியின் ஆகக் கீழ்த்தட்டில் தொடங்கி அதற்கு அடுத்த தட்டோடு நின்றுவிடுவேன். அதற்கு மேல் போக இந்த வகையில் தேவை இருப்பதில்லை.

குடித்தால் புளிக்கிறதே, பழுதாகிவிட்டதா?

எனக்கு ஆகப் பிடித்த கேள்வி இதுதான். என் அத்தான் முதல் வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு, "என்ன இது, தேசிக்காய்த் தண்ணி மாதிரிக் கிடக்கு" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. எங்களில் பலர் வைன் என்று முதலில் ருசித்தது, நத்தாருக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்த ஜிஞ்சர் வைனும் மில்க் வைனும்தான். இரண்டும் நல்ல இனிப்பு. அப்படிப் பழகிய நாக்கு வைன் என்ற பெயரைக் கேட்டதும் இனிப்பை எதிர்பார்க்கும். இந்த வைன்களில் பெரும்பாலானவற்றில் சாற்றின் சர்க்கரை கிட்டத்தட்ட முழுவதும் மதுசாரமாக மாறிவிடுகிறது. ஐரோப்பிய விதிப்படி பொதுவாக லீற்றருக்கு 4 கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாததுதான் 'டிரை', அதாவது இனிப்பில்லாத வைன்.

புளிப்பு பழத்தில் இருந்தே வருகிறது. திராட்சையில் டார்டாரிக் அமிலமும் மாலிக் அமிலமும் உண்டு. மாலிக் என்பது பச்சை ஆப்பிளைக் கடித்தால் பல்லில் கூசுகிற புளிப்பு. சில வைன்களில் நல்ல பக்டீரியாக்களை விட்டு இந்த மாலிக்கை லக்டிக் அமிலமாக, தயிரின் மெல்லிய புளிப்பாக மாற்றுகிறார்கள். அப்போது பட்டர் வாசமும் சேர்ந்து வரும். நாங்கள் பேசும் வகையில் பெரும்பாலும் அந்த மாற்றத்தை நடக்கவிடாமல் தடுத்துவிடுவார்கள், பச்சை ஆப்பிளின் கூர்மை அப்படியே இருக்கட்டும் என்று.

அத்தானுக்கு அன்றைக்கு இதில் ஒன்றையும் நான் சொல்லவில்லை. அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டுபோய், தேசிக்காய் விடாத சொதியில் ஒரு கரண்டி கொடுத்தேன். பால் இருந்தது, மஞ்சள் இருந்தது, பச்சை மிளகாய் இருந்தது, ஆனால் ஒன்றோடு ஒன்று சேராமல் நாக்கில் கனமாகக் கிடந்தது. பிறகு சட்டியை இறக்கி, கொதி அடங்கியதும் அரைத் தேசிக்காய் பிழிந்தேன். கொதிக்கும்போது பிழிந்தால் பால் திரைந்துவிடும். அடுத்த கரண்டியைக் குடித்ததும் அவர் ஒன்றும் பேசவில்லை. தேங்காய்ப்பாலின் கனம் போய், வெங்காயத்தின் இனிப்பு மேலே வந்திருந்தது. அந்தப் புளிப்புத்தான் வைனிலும் இருக்கிறது, சொதியில் அது செய்ததை நாங்கள் சாப்பிடும் எல்லாவற்றுக்கும் செய்யும் என்றேன். இடியப்பத்தைச் சொதியில் குழைத்து ஒரு வாய், வைன் ஒரு வாய். மூன்றாவது வாய்க்குப் பிறகு, "இன்னொரு போத்தல் குளிரில இருக்கோ?" என்று கேட்டார்.

நீங்களும் இதை வீட்டில் செய்து பாருங்கள். வைனைத் தனியாகக் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

உண்மையாகவே பழுதான வைனை மூக்கு காட்டிக்கொடுக்கும். வினாகிரி வாசம், நகப்பூச்சு வாசம், நனைந்த மட்டைப்பெட்டி வாசம் இவற்றில் ஒன்று வந்தாலோ, இளம் வைன் கபில நிறமாக மாறியிருந்தாலோ குடிக்க வேண்டாம்.

எந்தத் திராட்சையில் தொடங்கலாம்?

பழ வாசம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால் சாவின்யோன் பிளாங்க். நியூசிலாந்தின் மார்ல்பரோ வட்டாரத்தில் விளைவதை மோந்தால் கொடித்தோடையும் கொய்யாவும் அப்படியே வரும், அதற்குள் கறிமிளகாயைக் கீறிய பச்சை வாசமும் இருக்கும். இது நம் கற்பனை இல்லை. கொடித்தோடைக்கு அந்த வாசத்தைக் கொடுக்கும் கந்தகச் சேர்மங்களும், கறிமிளகாய்க்குப் பச்சை வாசத்தைக் கொடுக்கும் பைரசீன் என்ற பொருளும் இந்தத் திராட்சையின் வைனிலும் உள்ளன. மார்ல்பரோவில் திராட்சை பெரிய அளவில் நடத் தொடங்கியது 1970களில்தான், இன்று உலகமே இந்தத் திராட்சையை அந்த ஊரை வைத்துத்தான் அறிகிறது. அதே திராட்சை சிலியின் கசபிளாங்கா பள்ளத்தாக்கிலும் விளைகிறது. பசிபிக் கடலின் குளிர்ந்த நீரோட்டத்தால் வரும் காலைப் பனிமூட்டம் அங்கே பழத்தின் புளிப்பைக் காப்பாற்றுகிறது. பெரும்பாலும் விலையும் நியூசிலாந்தைவிடக் குறைவு. முதல் போத்தலுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

என் சொந்தத் தெரிவு செனின் பிளாங்க். பிரான்சின் லுவார் ஆற்றங்கரைத் திராட்சை அது, ஆனால் இன்று ஆக அதிகமாக நட்டிருப்பது தென்னாபிரிக்காவில். பேரிக்காய், பழுக்கத் தொடங்கிய விளாட் மாம்பழம், ஒரு சொட்டுத் தேன். சாவின்யோனைப்போல மூக்கில் முந்திக்கொண்டு வராது. ஆனால் தேங்காய்ப்பால் கறிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே வீட்டில் வளர்ந்ததுபோல இருக்கும்.

ரீஸ்லிங் கிட்டத்தட்ட எப்போதும் புதிய ஓக் படாமலேயே வரும். தேசிப்பூ வாசம், கூர்மையான புளிப்பு. ஜேர்மன் போத்தலில் 'ட்ரோக்கன்' என்று இருந்தால் இனிப்பில்லாதது, 'கபினெட்' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் மெல்லிய இனிப்பு இருக்கும். அவுஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் இருந்து வருவது பொதுவாக இனிப்பில்லாதது.

இத்தாலியின் பினோ கிரிஜியோ எளிய சுபாவம் கொண்டது. அதில் வாசத்தைத் தேட வேண்டாம், வெக்கைக்கு நல்லது. போர்த்துக்கல்லின் வின்ஹோ வேர்டே கண்ணில் பட்டால் விடாதீர்கள். மதுசாரம் பல வேளை 11 வீதத்துக்குள் இருக்கும், நாக்கில் லேசாகக் குமிழி தட்டும்.

அப்புறம் ஷார்டனே. "எனக்கு ஷார்டனே பிடிக்காது" என்று சொல்பவர்களில் பலருக்குப் பிடிக்காதது அதில் ஏறிய ஓக்தான். பிரான்சின் ஷாப்லி வட்டாரத்தில் அதே திராட்சையைப் பெரும்பாலும் மரம் படாமல் செய்கிறார்கள். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த மண் அது. குட்டிச் சிப்பிகளின் புதைபடிவங்கள் இன்றும் தோட்டத்தில் கையில் தட்டுப்படும். கொழும்பில் அது விலை கூடியது. ஆனால் சிலியிலும் அவுஸ்திரேலியாவிலும் ஓக் படாத ஷார்டனே கட்டுப்படியான விலையில் வருகிறது.

ஓக் படவில்லை என்று லேபிளில் எப்படித் தெரிந்துகொள்வது?

'அன்ஓக்ட்' அல்லது 'அன்வுடட்' என்று எழுதியிருந்தால் சந்தேகமே இல்லை. ஷார்டனேக்குத்தான் இந்தச் சொற்கள் அதிகம் வேண்டியிருக்கும். பின்பக்கத்தில் 'பேரல்', 'டோஸ்டி', 'வனிலா', 'கிரீமி' என்று வந்தால் மரம் பட்டிருக்கலாம். 'ரிசேர்வ்' என்ற சொல்லைக் கண்டாலும் கொஞ்சம் நின்று வாசியுங்கள். 'சூர் லீ' என்பது ஓக் இல்லை. நொதித்து முடிந்து அடியில் படிந்த ஈஸ்ட்டின் மேலேயே வைனைச் சில மாதம் விட்டு வைப்பதைச் சொல்கிறது, அது நல்ல அறிகுறிதான். சாவின்யோன், பினோ கிரிஜியோ, ரீஸ்லிங் மூன்றும் மலிவு விலையில் வந்தால் பெரும்பாலும் ஓக் படாதவையே.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் ஆண்டு. இந்த வைன் வைத்திருந்து பழையதாக்கும் சரக்கு இல்லை. தெற்கு அரைக்கோளத்தில் பெரும்பாலும் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை பழம் பறிக்கிறார்கள், ஐரோப்பாவில் ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை. ஆகவே சிலி, தென்னாபிரிக்கா, நியூசிலாந்து வைன்கள் ஒரே ஆண்டுக்குள் பார்த்தால் அரை வருடம் மூத்தவை. அலமாரியில் கையை உள்ளே விட்டு ஆக அண்மைய ஆண்டைத் தேடுங்கள். மூன்று வருடத்துக்கு மேல் பழையது என்றால் விலைக்கழிவு போட்டிருந்தாலும் நான் எடுப்பதில்லை.

இரண்டாவது, போத்தல் எங்கே நின்றது என்பது. கொழும்பில் இதை ஆண்டைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு கடையின் கண்ணாடி யன்னல் ஓரம் அழகாக அடுக்கியிருந்த சாவின்யோன் பிளாங்க் ஒன்றை வாங்கிவந்தேன். அக்காவின் பிறந்தநாளுக்கு என்று பேலியகொடை மீன் சந்தையில் இருந்து வந்த அறக்குளாவைப் பொரித்து வைத்துவிட்டுத் திறந்தால், அவித்த கோவா வாசம். கொடித்தோடையும் இல்லை, கொய்யாவும் இல்லை. பின்னேர வெயில் முழுக்க அந்தப் போத்தலில்தான் விழுந்திருக்கிறது. வெளிச்சம் வெள்ளை வைனைச் சில நாட்களிலேயே கெடுக்கும், அதுவும் நிறமில்லாத கண்ணாடிப் போத்தல் என்றால் இன்னும் சீக்கிரம். சூடு பழ வாசத்தைத் தின்றுவிடும். அன்றைக்குப் பட்ட வேதனையில் இருந்து யன்னல் பக்கத்துப் போத்தலையும், மின்குமிழுக்கு நேர் கீழே நிற்கும் போத்தலையும் தொடுவதில்லை. ஏசி போட்ட சுப்பர் மார்க்கெட்டில், அடித்தட்டில், பச்சைப் போத்தல். அதுதான் என் வழி.

திருகு மூடியைப் பார்த்து மலிவுச் சரக்கு என்று நினைக்காதீர்கள். 2000ஆம் ஆண்டில் கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங்காரர்களே சேர்ந்து கோர்க்கை விட்டுத் திருகு மூடிக்கு மாறினார்கள். கோர்க்கினால் வரும் மட்டைப்பெட்டி வாசத்தில் இருந்து வைனைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார்கள்.

'வைன் ஸ்டோர்ஸ்' என்று பலகை போட்ட கடைகளில் பெரும்பாலும் சாராயமும் பியரும்தான் ஓடும். அங்கே வெள்ளை வைன் அதிக நாள் கிடந்திருக்கலாம், ஆண்டைக் கவனியுங்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்திறங்கும் பக்கத்துத் தீர்வையற்ற கடையும் ஒரு நல்ல வழி, யாராவது சொந்தக்காரர் வந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எவ்வளவு குளிரில் குடிக்க வேண்டும்?

7 முதல் 10 பாகை செல்சியஸ். எங்கள் அறை வெப்பம் 30ஐத் தொடும்போது, போத்தலை ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரமாவது வைக்க வேண்டும். அவசரம் என்றால் வாளியில் ஐஸ், தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு மூன்றையும் போட்டுக் கழுத்துவரை அமிழ்த்துங்கள். இருபது நிமிடம் போதும். தண்ணீர் விடாமல் ஐஸை மட்டும் போட்டால் கட்டிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் போத்தலைத் தொடும், குளிர் சீக்கிரம் ஏறாது.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்தபோது, ஈரத் துணியைச் சுற்றிக் காற்றில் வைத்துப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக் காய்ந்த காற்றில் மண்பானைத் தண்ணீர் குளிர்கிற மாதிரி இங்கே குளிராது. கொழும்புக் காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைய இருப்பதால் துணியின் ஈரம் ஆவியாகாமலே தொங்கும். மீன்காரரிடம் வாங்கிய ஐஸ்தான் கை கொடுத்தது.

ஊற்றும்போது கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். இந்த வெக்கையில் நிறைய ஊற்றினால் பாதி குடிப்பதற்குள் சூடாகிவிடும். கொஞ்சம் ஊற்றி, போத்தலைத் திரும்ப வாளிக்குள் வையுங்கள். தண்டு உள்ள கிளாஸ் இருந்தால் தண்டைப் பிடியுங்கள், இல்லையென்றால் எந்தக் கிளாஸும் சரி.

ஐஸ் கட்டி போடலாமா?

வேண்டாம். உருகிய தண்ணீர் புளிப்பையும் வாசத்தையும் ஒன்றாகக் கரைத்துவிடும். விதையில்லாத திராட்சையை ஃபிரீசரில் உறையவைத்து இரண்டு மூன்று போடுங்கள், குளிரும், கலக்காது.

எங்கள் சாப்பாட்டோடு எது சேரும்?

உறைப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் பிழை விடுவது அங்கேதான். மதுசாரம் கூடக் கூட மிளகாயின் எரிவும் கூடும். 14 வீத வைனோடு யாழ்ப்பாணத்து நண்டுக் கறி சாப்பிட்டால் காது அடைக்கும். ஓக்கின் துவர்ப்பு மிளகாயோடு சேர்ந்தால் கசப்பாகவும் மாறும். ஆகவே கறி உறைப்பாக இருந்தால் 11, 12 வீதத்துக்குள், மெல்லிய இனிப்புள்ள ரீஸ்லிங்கோ செனினோ தேடுங்கள். அந்த ஒரு துளி இனிப்பு, உறைப்புக்குப் பிறகு வாழைப்பழம் கடிப்பதுபோல நாக்கை ஆற்றும்.

பொரித்ததெல்லாம் இந்த வைனுக்குச் சொந்தம். கீரிமீன் பொரியல், நெத்தலிப் பொரியல், இறால் வடை எல்லாவற்றிலும் எண்ணெயின் வழுக்கலைப் புளிப்பு வழித்துக்கொண்டு போகும். காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கினால் இரண்டைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். ஆனால் எனக்கு ஒன்றைத்தான் தெரிவுசெய்ய விட்டால் ஹொட் பட்டர் கணவாய். கொழும்புச் சீனக் கடைகள் எங்களுக்குத் தந்த பெரும் கொடை அது. மொறுமொறுவென்ற மாவு, பட்டர், காய்ந்த மிளகாய், வெங்காயத்தாள், எல்லாவற்றுக்கும் நடுவில் நல்ல குளிரில் ஒரு சிலி சாவின்யோன். ஒவ்வொரு வாயும் முதல் வாய்போல இருக்கும்.

பால் கறிகளுக்குச் செனின். மீன் வெள்ளைக் கறி, கணவாய்ப் பால்கறி, முட்டை அப்பத்தோடு கட்டச் சம்பல் எல்லாம் சேரும். சுறா வறைக்கு ரீஸ்லிங்கை வைத்துப் பாருங்கள், பெருஞ்சீரகமும் தேசிப்பூவும் நன்றாகப் பேசிக்கொள்ளும். ஒடியல் கூழுக்கு மட்டும் நான் எதையும் ஊற்றுவதில்லை. கூழுக்குள்ளேயே புளியும் உறைப்பும் கடலும் இருக்கின்றன, அதைத் தனியாக விடுவதே மரியாதை.

சேராதவை: கறுப்பாக வறுத்த ஆட்டிறைச்சிக் கறி, சீனிச் சம்பல், வட்டிலப்பம். இனிப்பான எதற்கும் பக்கத்தில் இனிப்பில்லாத வைன் வெறும் புளித்தண்ணீராகத் தெரியும்.

நான் மரக்கறி மட்டும்தான். வைன் சைவமா?

பழம் சைவம். ஆனால் வைனைத் தெளியவைக்கும் இடத்தில் கவனிக்க வேண்டும். கலங்கலை அடியில் இறக்குவதற்கு முட்டை வெள்ளைக்கரு, பாலின் கேசீன், மீனின் காற்றுப்பையில் இருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் ஆகியவற்றைச் சிலர் சேர்ப்பார்கள். அவை கலங்கலோடு அடியில் படிந்து அகற்றப்பட்டுவிடும் என்றாலும், விரதக்காரருக்கும் கண்டிப்பாக மரக்கறி சாப்பிடுபவருக்கும் அது மனதுக்கு ஒவ்வாமல் இருக்கலாம். பென்ரனைட் என்ற களிமண்ணைக் கொண்டு தெளியவைக்கும் முறையும் பரவலாக இருக்கிறது, அதில் உயிர்ப்பொருள் ஒன்றும் இல்லை. பின் லேபிளில் 'வீகன்' என்ற சொல் இருந்தால் பயப்படத் தேவையில்லை. என் பெரியம்மாவுக்காக நான் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

மரக்கறிச் சாப்பாட்டுக்கும் இது நன்றாகப் பொருந்தும். உழுந்து வடை, வாழைக்காய்ப் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, தக்காளியும் வெங்காயமும் போட்ட தயிர்ப் பச்சடி, எல்லாமே சரி.

சல்பைட் இருக்கிறதாமே, தலையிடி வருமா?

'கொன்டெய்ன்ஸ் சல்பைட்ஸ்' என்று லேபிளில் இருப்பது உண்மை. வைன் கபிலமாகாமல் காக்க அதைச் சேர்க்கிறார்கள், வெள்ளையில் சிவப்பைவிடச் சற்றுக் கூடுதலாகவே அனுமதி உண்டு. ஆனால் காய்ந்த அப்ரிகொட் போன்ற பழங்களில் அதைவிட அதிகம் இருக்கும். அவற்றைச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவருக்கு வைன் சல்பைட்டும் பெரும்பாலும் தொந்தரவு தராது. ஆஸ்துமா உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மற்றவர்களின் தலையிடிக்கு மதுசாரமும், தண்ணீர் குடிக்காததும், வெறும் வயிறும் காரணமாக இருக்கலாம். ஒரு கிளாஸ் வைனுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் என்று வையுங்கள்.

எவ்வளவு குடிக்கலாம்?

எதுவும் குடிக்காமல் இருப்பதே உடம்புக்கு நல்லது, பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. குடிக்காத ஒருவரைத் தொடங்கச் சொல்லி நான் ஒருபோதும் கேட்பதில்லை. குடிப்பவர் கணக்குத் தெரிந்து குடிக்கட்டும். ஒரு போத்தல், 150 மில்லிலீற்றர் வீதம் ஐந்து கிளாஸ். 12 வீத வைன் என்றால் ஒவ்வொன்றிலும் சுமார் 14 கிராம் தூய மதுசாரம். எனக்கு ஒன்று, சில நாள் ஒன்றரை. கர்ப்பிணிகளும் மருந்து எடுப்பவர்களும் தொடவே வேண்டாம். வெளியே குடித்தால் பிக்மீ செயலியில் ஒரு ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வாருங்கள்.

வாங்குவதற்கு என்ன கட்டுப்பாடுகள்?

வயது 21 ஆகியிருக்க வேண்டும். போயா எனும் பௌர்ணமி நாட்களில் விற்பனை இல்லை, ஆகவே வார இறுதியில் போயா வந்தால் முதல் நாளே வாங்கிவிடுங்கள். பெண்கள் மதுபானம் வாங்கக் கூடாது என்றிருந்த பழைய விதியை 2018 ஜனவரியில் நிதி அமைச்சராக இருந்த மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை மீளப்பெறச் சொன்னார். என்னைக் கொழும்பு சுப்பர் மார்க்கெட்டுகளில் யாரும் தடுத்ததில்லை. ஆனால் அந்த விதி இருந்தது என்பதே எனக்கு இன்றுவரை கோபம் தருகிறது. மீனுக்குத் தேசிக்காய் வாங்குவதற்கும் இதற்கும் என் மனதில் வேறுபாடு இல்லை.

யாழ்ப்பாணத்தில் முந்திரிகை விளைகிறதே, நாங்களே செய்யலாமே?

யாழ்ப்பாணத்து முந்திரிகைத் தோட்டங்களில் அதிகம் இருப்பது 'இஸ்ரேல் புளூ' என்ற கறுப்பு வகை. சாப்பிட அருமையான பழம். வெள்ளை வைனுக்கு வேண்டிய கூர்மையான புளிப்பு, குளிர் இரவுகளில் மெல்லப் பழுக்கும் பழத்தில்தான் நிற்கும். எங்கள் வெயிலில் புளிப்பு சீக்கிரம் இறங்கிவிடும். பனையில் இருந்து கிடைப்பதை அதைவிட நன்றாகச் செய்யலாம் என்று நினைக்கிறேன்.

திறந்த போத்தல் எத்தனை நாள் இருக்கும்?

மூடியை இறுக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு, மூன்று நாள். வெளியே ஒரு இரவு வைத்தாலே முகம் வாடிவிடும். வாசம் குறைந்துபோனதை ஊற்றிவிடாதீர்கள். கழுவிய மட்டியைச் சட்டியில் போட்டு, உள்ளி, பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு அந்த வைனில் அரைக் கிளாஸை விட்டு மூடிவையுங்கள். ஐந்து நிமிடத்தில் வாய் திறந்துவிடும். திறக்காத மட்டியை எறிந்துவிட்டு, கடைசியில் ஒரு கை முதற்பால் விட்டு இறக்குங்கள். அதற்குத் தேசிக்காய் பிழியத் தேவையில்லை.